எலியைக் கொல்வதா, வழியை அடைப்பதா?

பத்திரிகைத் துறையில் நான் கழித்த ஆண்டுகளில் எலியைப் பற்றி ஆசிரியர் தலையங்கம் எதுவும் எழுதப்பட்டதாக எனக்கு நினைவில்லை. யானைக்கு இந்நாட்டின் அரசியலில் சின்னமாகவே இடமுண்டு. குரங்கும் மயிலும் பாராளுமன்ற விவாதம் வரை போய்விட்டன. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி தொடக்கம் ஐந்து நிமிடங்களுக்கு, பயிர்களை அழிக்கும் விலங்குகளை நாடு முழுவதும் மக்களைக் கொண்டே அரசாங்கம் எண்ண வைத்தது. அந்தப் பட்டியலில் குரங்கும் மயிலும் மர அணிலும் இருந்தன. எலி இருக்கவில்லை. எண்ணி முடியாது என்று விட்டார்களோ, எண்ணத் தகுதியற்றது என்று விட்டார்களோ தெரியாது.

ஆனால், இந்நாட்டில் எலியினால் இறந்தவர்களின் எண்ணிக்கை அலட்சியப்படுத்தக் கூடியதன்று. 2008ஆம் ஆண்டில் எலிக்காய்ச்சல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையின் வெள்ளம் வடிந்த கையோடு, டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். 'மர்மக் காய்ச்சல்' என்று ஊடகங்கள் எழுதின. பரிசோதனை முடிவுகள் வந்தபோது மர்மம் எதுவும் இருக்கவில்லை. அது எலிக்காய்ச்சல்தான். எலியின் சிறுநீரோடு வெளியேறும் கிருமி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் தங்கியிருந்து, காலிலுள்ள ஒரு சிறு வெடிப்பின் வழியாகவே மனித உடலுக்குள் புகுந்துவிடுகிறது. வயலில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கும் சுகாதாரத் துறையினரின் பணி பாராட்டுக்குரியது. ஆயினும் மாத்திரை வயலுக்குப் போகிறவனைத்தான் காக்கும். எலி வயலில் மட்டுமா இருக்கிறது?

வீட்டுக்குள் எலி வந்துவிட்டால் நாம் முதலில் ஓடுவது கடைக்கு. வாங்குவது நஞ்சு. இது தவறான வழி என்பதே இக்கட்டுரையின் வாதம். எலியைக் கொல்வதற்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் அது வரும் வழியை அடைப்பதற்குச் செலவிட்டால், நிலையான பயன் கிடைக்கும். அதிலும் வழியடைப்பது தனியொரு வீட்டாரின் காரியம் மட்டுமன்று. ஊரின் காரியம், உள்ளூராட்சி மன்றங்களின் காரியம்.

முதலில் நம் வீட்டைச் சுற்றி நடமாடுபவை எவை என்று பிரித்தறிய வேண்டும். கூரையில் ஓடுவது கருமை கலந்த, வால் நீண்ட வீட்டெலி. மரமேறுவதிலும் கம்பியில் நடப்பதிலும் அது வல்லது. மண்ணைத் தோண்டி அத்திவாரத்தின் கீழ் வளையமைப்பது பெருச்சாளி. (ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பண்டிகூட்' என்ற பெயர், பன்றியெலி என்று பொருள்படும் தெலுங்குச் சொல்லிலிருந்து போனது.) அலுமாரிக்குள்ளும் புத்தக அடுக்குக்குள்ளும் குடும்பம் நடத்துவது சுண்டெலி. நான்காவதாக வருவது மூஞ்சூறு. இது எலியினமே அன்று. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழும் பிராணி. கூர்மூக்கையும் நாற்றத்தையும் கண்டு எலியென்று எண்ணி அதையும் அடித்துக் கொல்கிறோம். பிள்ளையாரின் வாகனம் என்று கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து செய்யும் காரியம் இது. ஐந்தாவது, நம் அணில்பிள்ளை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

நஞ்சின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். எலி ஐயம் மிகுந்த பிராணி. புதிய பொருளைக் கண்டால் சில நாட்கள் கிட்டவும் வராது. கொஞ்சமாகத் தின்று பார்க்கும். வயிற்றைக் கெடுத்தால் அந்த உணவை மீண்டும் தொடாது. இக்குணத்தை வெல்வதற்கென வந்ததுதான் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வில் உருவாகி 1948இல் எலி மருந்தாக வெளிவந்த வார்பரின். இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்தே கொல்வதால், தின்ற உணவையும் வந்த சாவையும் எலிகளால் தொடர்புபடுத்த இயலாது. (இதே வார்பரினைத்தான் இன்று இருதய நோயாளர் பலர் மாத்திரையாக விழுங்குகின்றனர்.) பத்தே ஆண்டுகளில், 1958இல், ஸ்கொட்லாந்தில் வார்பரினுக்கு மசியாத எலிகள் கண்டறியப்பட்டன. அதன் பின்னர் அதனிலும் கொடிய இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் வந்தன. அவை எலியின் ஈரலில் நெடுநாள் தங்குகின்றன. அந்த எலியைத் தின்னும் கூகையும் ஆந்தையும் பூனையும் சேர்ந்தே சாகின்றன. எலியைக் கொல்ல, எலியைத் தின்பவற்றையும் கொல்லும் இந்த ஏற்பாட்டை என்னவென்பது?

'எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல' என்பார்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக வைக்கப்பட்ட மருந்தின் நச்சுக் காற்றைச் சுவாசித்து இரண்டு சிறு குழந்தைகள் உயிரிழந்த செய்தியை வாசித்தபோது அந்தப் பழமொழியே நினைவுக்கு வந்தது. இலங்கைக்கு இதில் தனிப்பட்ட பாடமும் உண்டு. கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகள் 1995இலும் 1998இலும் இங்கு தடைசெய்யப்பட்ட பின்னர் நாட்டின் தற்கொலை வீதம் பெருமளவு வீழ்ந்தது. மனமுடைந்த ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பதே ஓர் உயிரைக் காக்கும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய நாடுகளுள் நம்முடையதும் ஒன்று. அந்த நாட்டில் குசினித் தட்டில் எலி நஞ்சை வைத்திருப்பது பொருந்தாது.

சரி, நஞ்சால் எலியாவது ஒழிகிறதா? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் பெருமளவில் நஞ்சு வைத்து எலிகளைக் கொன்றார்கள். பின்னர் டேவிட் டேவிஸ் என்ற ஆய்வாளர் அங்கே எலிகளின் தொகையைப் பல ஆண்டுகள் கணித்துவந்தார். கொன்ற இடங்களில் எலிகள் சில மாதங்களில் பழைய தொகைக்கு மீண்டன. குப்பையையும் ஒதுங்கிடத்தையும் அகற்றிய இடங்களிலோ தொகை குறைந்து, குறைந்தபடியே நின்றது. காரணம் எளியது. பெண்ணெலி மூன்று வாரங்களில் ஈன்றுவிடும். குட்டிகள் இரண்டு மூன்று மாதங்களில் தாமே ஈனத் தொடங்கும். உணவும் உறைவிடமும் இருக்கும்வரை, நாம் வெற்றிடமாக்கிய வளைக்கு அடுத்த குடும்பம் வந்து சேரும். நாம் செய்வது எலி ஒழிப்பன்று, குடியிருப்பவரை மாற்றுவது.

வரலாறும் இதையே கூறுகிறது. 1911இல் யாவாத் தீவின் மலாங் பகுதியில் கொள்ளைநோய் பரவியது. மூங்கில் வீடுகளின் உள்ளீடற்ற கழிகளுக்குள்ளும் கூரை வேய்ந்த ஓலைகளுக்குள்ளும் எலிகள் கூடு கட்டியிருந்ததைக் கண்ட ஒல்லாந்த ஆட்சியாளர், வீடுகளையே மாற்றியமைக்கும் திட்டமொன்றைத் தொடங்கினர். மூன்று தசாப்தங்களில் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எலி தங்காதவாறு திருத்தப்பட்டன. குடியேற்ற ஆட்சியின் கட்டாயமும், அச்செலவை ஏழைகளின் தலையில் ஏற்றிய அநீதியும் அதில் இருந்தன. ஆனால் நோயின் வேர் வீட்டின் கட்டுமானத்தில் இருக்கிறது என்ற கருத்து சரியானது.

1914இல் அதே கொள்ளைநோய் கொழும்புக்கும் வந்தது. புறக்கோட்டையில், இறக்குமதி அரிசி குவிக்கப்பட்டிருந்த கிடங்குகளை அண்டிய தெருக்களிலேயே அது வேரூன்றியது. கொழும்பு மாநகரின் நுண்ணுயிரியலாளராக இருந்த பேபியன் ஹேர்ஸ்ற் இதன் காரணத்தை ஆராய்ந்தார். எலியின் உடலில் வாழும் தெள்ளுகளில், நோயை வலுவாகப் பரப்பும் இனம் தானியக் கிடங்குப் பகுதியில் செறிந்திருந்தது. நகரின் ஏனைய பகுதிகளில் மிகுந்திருந்ததோ அத்துணை வலுவற்ற மற்றோர் இனம். கொழும்பு முழுவதும் சுடுகாடாகாமல் தப்பியதற்கு இந்தச் சிறு வேறுபாடும் ஒரு காரணம். அவர் 1953இல் கொள்ளைநோய் பற்றி எழுதி வெளியிட்ட பெருநூல் இன்றும் அத்துறையினரால் மதிக்கப்படுகிறது. நோயை அடக்க நகரின் அத்தனை எலிகளையும் கொன்று தீர்க்க வேண்டியதில்லை. எலியும் தானியமும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் வாழாதிருந்தால் போதும் என்பதே அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இது நமது முன்னோர் அறியாததன்று. வளையிலிருந்து தொங்கிய உறி எதற்காக? கால்களின் மேல் நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டப்பட்ட நெற்களஞ்சியம் எதற்காக? இன்றும் நமது தோட்டங்களில் தென்னையின் நடுவுடலில் தகரம் சுற்றியிருப்பதைக் காண்கிறோம். நகம் பதிய இடமில்லாத ஒரு வழுக்குப் பரப்பைக் குறுக்கே வைத்தால் எலியும் அணிலும் குரும்பைக்குப் போகமாட்டா என்ற அறிவு அது. துறைமுகத்தில் கப்பலின் வடத்தில் வட்டத் தகடு மாட்டுவதும் இதே அறிவுதான். கிடுகு வேய்ந்த கூரையை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து வேய்ந்தபோது, எலியின் கூடுகளும் கூடவே பிரிந்துபோயின. இன்று ஓடும் சீற்றும் போட்டு, கீழே கூரைத்தட்டும் அடித்துவிட்டோம். அந்த இடைவெளியை முப்பது ஆண்டுகளானாலும் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. எலிக்கு இதைவிடப் பாதுகாப்பான மாடிவீட்டை எவரும் கட்டிக் கொடுத்ததில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? சில அளவுகளை மனதில் கொள்ள வேண்டும். பென்சில் நுழையும் துவாரம், அதாவது ஆறு மில்லிமீற்றர், சுண்டெலிக்குப் போதும். பெருவிரல் நுழையும் இடைவெளி இளம் எலிக்குப் போதும். தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும். இந்த அளவுகோலோடு வீட்டை ஒருமுறை சுற்றிவாருங்கள். பகலில் கூரைத்தட்டுக்கு மேலே ஏறி விளக்கின்றிப் பார்த்தால், வெளிச்சம் வரும் இடமெல்லாம் எலி வரும் இடம். சுவரோரம் கரிய எண்ணெய்ப் பிசுக்குக் கோடு இருந்தால் அது நாள்தோறும் அவை நடக்கும் பாதை. ஐயமிருந்தால் அடுப்புச் சாம்பலை இரவில் மெல்லத் தூவிவைத்தால் காலையில் கால்தடம் கதை சொல்லும்.

பெரும்பாலான வீடுகளில் குற்றவாளிகள் ஐந்தாறு இடங்கள்தான். சீற்றின் அலைவளைவுக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி, ஓட்டுக் கூரையின் கடைசி வரிசை, நீர்க்குழாயும் மின்வயரும் சுவரைத் துளைத்து வரும் இடம், பின்கதவின் அடிப்புறம், குசினிக் கழிவுநீர் வாய்க்கால், யன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரம். இவற்றை அடைக்கும் பொருளைத் தேர்வதிலேயே பலர் ஏமாறுகின்றனர். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. கடித்துத் தேய்ப்பது அதற்குக் கட்டாயம். பிளாஸ்ரிக் நுளம்புவலை, பஞ்சு, றெஜிபோம், நுரையாகப் பீச்சி இறுகவிடும் நவீனப் பசை, பலகை எல்லாம் அதற்குப் பற்கூராக்கும் கருவிகள். சீமெந்துச் சாந்து, இரும்புத் தகடு, கண்ணின் அளவு ஆறு மில்லிமீற்றருக்கு மேற்படாத கம்பிவலை ஆகியவையே நிற்கும். சிறு துளைக்குப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணிக்கலாம். அது துருப்பிடித்து உதிருமாகையால் மேலே சாந்து பூச வேண்டும். காற்றுத் துவாரத்தை முற்றாக மூடிவிடக் கூடாது. நமது வெயிலில் வீடு மூச்சுவிட வேண்டும். அங்கே வலைதான் முறை. கதவின் அடியில் ஒரு தகட்டுப் பட்டி போதும்.

வரிசையும் முக்கியம். எல்லா வழிகளையும் ஒரே நாளில் அடைத்தால் உள்ளே இருப்பவை சிறைப்பட்டு, சுவரையும் வயரையும் கடித்துக் குதறும். ஒன்றைத் தவிர மற்றவற்றை அடைத்து, உள்ளே தேங்காய்ச் சொட்டோ சுட்ட கருவாடோ வைத்த பழைய எலிப்பொறியைச் சுவரோரமாக வைத்து, சாம்பலில் தடம் விழாத நாள் வந்த பின்னரே கடைசி வழியை அடைக்க வேண்டும். பூனை வளர்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுண்டெலிக்குப் பூனை சரி. 2018இல் வெளியான நியூயோர்க் ஆய்வொன்றில், எலிகள் நிறைந்த ஒரு கட்டடத்தில் ஊர்ப்பூனைகளை 79 நாட்கள் கண்காணித்தபோது அவை கொன்ற எலிகள் இரண்டு மட்டுமே. வளர்ந்த எலியோடு மல்லுக்கட்டப் பூனைக்கும் விருப்பமில்லை.

இனி அணில். இராமருக்கு அணை கட்ட மணல் சுமந்து முதுகில் மூன்று கோடு பெற்ற கதையால், இலங்கைக்கும் அணிலுக்கும் உள்ள உறவு பழையது. எலியை அடிக்கும் கை அணிலை அடிக்கத் தயங்கும். அது நல்ல தயக்கமே. அணில் குசினியைத் தேடி வருவதில்லை. கூடு கட்ட இடம் தேடி வருகிறது. தும்பையும் மெத்தைப் பஞ்சையும் கொண்டுவந்து ஓட்டின் கீழ் சேர்க்கிறது. கூரையைத் தொடும் மா, வேப்பங் கிளைகளை ஆறேழு அடி தள்ளி வெட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். அடைக்கும் முன் கூட்டில் குட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். குட்டி உள்ளேயிருக்கத் தாயை வெளியே அடைத்தால் அது ஓட்டைப் பெயர்த்தாவது உள்ளே வரும். வர முடியாவிட்டால் குட்டிகள் பட்டினியில் சாகும். ரொறன்ரோவில் வாழும் நண்பர்கள் இதை நன்கறிவர். அங்கே கூரைக்குள் புகும் சாம்பல் அணிலும் கறுப்பு அணிலும் நம் அணில்பிள்ளையைப் போலப் பன்மடங்கு பெரியவை. வெளியே போகலாம், திரும்ப வர முடியாது என்ற வகையில் அமைந்த ஒருவழிக் கதவைப் பொருத்தி அவற்றை வெளியேற்றுவது அங்கு வழமை. நமது ஊர்த் தகரக் கடைகளில் இத்தகைய கதவொன்றைச் செய்விப்பது பெரிய காரியமன்று.

இதுவரை சொன்னவை வீட்டுக்காரர் செய்யக் கூடியவை. ஆனால் வீட்டுக்காரரால் மட்டும் ஆகாதவை இருக்கின்றன. மலையகத்தின் லயன் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். பல லயன்களில் இடைச்சுவர் கூரைவரை எழுப்பப்படவில்லை. பத்தாம் காம்பராவில் புகுந்த எலி முதலாம் காம்பராவின் மாப்பானைக்கு வந்துவிடும். அங்கே வாழும் ஒரு தாய் தன் பங்கைச் சரியாகச் செய்தாலும் பயனில்லை. அவரிடம் சுத்தத்தைப் பற்றி உபதேசம் செய்வது அறமாகாது. கூரை தோட்ட நிருவாகத்தினுடையது, பொறுப்பும் அவர்களுடையது. போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் உதவித் திட்டங்களில் கட்டப்பட்டு, பணம் போதாமல் பூச்சும் கூரைத்தட்டும் இன்றி நிற்கும் வீடுகளையும் நேரில் கண்டிருக்கிறேன். கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் வெளி. அந்த வெளியை மூடும் கம்பிவலையையும் ஒரு மூட்டைச் சீமெந்தையும் மதிப்பீட்டிலேயே சேர்த்திருந்தால் எத்தனை குடும்பங்களின் நெல்லும் நிம்மதியும் மிஞ்சியிருக்கும்?

நான் முன்னர் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகளின் பத்திரிகைத் தொகுப்புகள் கட்டுக்கட்டாக ஓர் அறையில் கிடந்தன. அறையின் கதவடியில் இரண்டு விரல் இடைவெளி. பலமுறை எழுத்தில் முறையிட்டோம். கதவுக்குத் தகடு அடிக்கப்படவில்லை. எண்பதுகளின் தொகுப்புகளில் ஒரு பகுதி தூளாகிப் போயிற்று. வேறெங்கும் படியில்லாத செய்திகள் அவை. ஓர் இனத்தின் நினைவு குண்டினாலும் தீயினாலும் மட்டும் அழிவதில்லை. சில வேளைகளில் ஒரு தகட்டுத் துண்டுக்கான பணத்தை எவரும் அனுமதிக்காததாலும் அழிகிறது.

வெளிநாடுகளில் இருந்து இதை வாசிக்கும் உறவுகளுக்கும் ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் ஒவ்வோர் ஒழுங்கையிலும் பூட்டிய வீடுகள் நிற்கின்றன. உரிமையாளர் இலண்டனில், பாரிசில், ரொறன்ரோவில். ஊரை விட்டுப் போனதற்கான காரணங்களை நானறிவேன், குறைகூற வரவில்லை. ஆனால் பூட்டிய வீடு வெறுமையாக இருப்பதில்லை. முற்றத்தில் பற்றை, கூரையில் எலி, எலியைத் தேடிப் புடையனும் சாரையும். பக்கத்து வீட்டு முதியவர் மாலையில் படலையடிக்குப் போக அஞ்சுகிறார். அவர் தன் வீட்டை எவ்வளவு அடைத்தாலும் மதிலுக்கு அப்பால் எலிகளின் பண்ணையொன்று இருக்கிறதே?

ஆகவே எனது கோரிக்கைகள் சுருக்கமானவை. பிரதேச சபைகள் கட்டட வரைபடத்தை அங்கீகரிக்கும்போது கூரை விளிம்பும் கழிவுநீர் வாயிலும் அடைக்கப்படும் விதத்தையும் கேட்க வேண்டும். சந்தைக் கழிவை இரவு முழுவதும் திறந்தவெளியில் கிடக்கவிடக் கூடாது; எலிக்கு இராச்சாப்பாடு போடுவது சபையின் கடமையன்று. பூட்டிய வீடுகளின் உரிமையாளருக்கு ஆண்டுக்கொரு முறையேனும் பற்றை வெட்டி, வழியடைக்கும் பொறுப்பைச் சட்டப்படி உணர்த்த வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து வீட்டுக்கு வர்ணம் பூசிவிட்டுப் போகும் அன்பர்கள், வர்ணத்துக்கு முன் ஒரு மேசனை அழைத்துக் கூரை விளிம்பைச் சுற்றிக் காட்டட்டும். ஒரு நாள் கூலி, சில யார் கம்பிவலை. அடுத்த மாரிக்கு முன் அதைச் செய்து முடித்தால் பயன் அவர்களுக்கு மட்டுமன்று, அந்த ஒழுங்கை முழுவதற்கும்தான்.